மூன்று வகுப்பு, ஒரே அறை: "டீச்சர்" என்ற கூப்பாட்டைக் குறைத்த வழிகள்

ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகள் என்னிடம். நான்கும் ஐந்தும் தலைமை ஆசிரியரிடம். கடலூர் கேப்பர் மலைப் பக்கம், முந்திரித் தோப்புகளை ஒட்டி இருக்கும் எங்கள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இதுதான் பங்கீடு. இதில் எங்கள் ஊருக்கென்று தனியாக ஒன்றும் இல்லை. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி, 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். தலைக்கணக்குப் பார்த்தால் 30 பேருக்கு ஒருவர், குறை சொல்ல முடியாது. ஆனால் வகுப்பு ஐந்து ஆயிற்றே. சின்ன ஊர்களில் வேலை பார்க்கிற ஆசிரியர்கள் பலரும் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று வகுப்புகளை வைத்துக்கொண்டுதான் நாளை நடத்துகிறோம்.

வட்டார வள மையத்துக்குப் பயிற்சிக்குப் போகும்போது, புதிதாக வேலைக்கு வந்தவர்கள் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் வந்து உட்காருவார்கள். அவர்கள் கேட்பது பெரும்பாலும் பாடத்தைப் பற்றி இருக்காது. "அக்கா, ஒரு வகுப்புக்கு நடத்தும்போது மத்த ரெண்டையும் எப்படிச் சமாளிக்கிறீங்க? கத்திக் கத்தித் தொண்டையே போயிடுது" என்பார்கள். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

சின்னப் பிள்ளைகள் சத்தம் போடுவதற்குச் சேட்டைக் குணத்தைக் காரணமாகச் சொல்வதை நான் ஒத்துக்கொள்வதில்லை. கையில் இருந்த வேலை முடிந்திருக்கும், அல்லது பாதியில் நின்றிருக்கும். அடுத்து என்ன செய்வதென்று தெரியாது. கேட்கலாம் என்றால் டீச்சர் வேறு வகுப்போடு இருக்கிறார். அந்த இரண்டு நிமிடத்தில்தான் முன்னால் உட்கார்ந்திருப்பவனின் சட்டையில் பல்பத்தால் கோடு போடத் தோன்றும். அந்த இரண்டு நிமிடம் வராதபடி அறையை அமைத்துவிட்டால் அதட்ட வேண்டிய தேவையே பாதி குறைந்துவிடுகிறது.

அதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை இருக்கிறது. ஒரு நாள் முழுக்கப் பிள்ளைகள் எதற்கெல்லாம் "டீச்சர்" என்று கூப்பிடுகிறார்கள் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டே வாருங்கள். மாலையில் எடுத்துப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். "டீச்சர், பல்பம் உடஞ்சிடுச்சு." "டீச்சர், முடிச்சிட்டேன்." "டீச்சர், ஒண்ணுக்கு." "டீச்சர், இவன் என் இடத்துல உக்காந்துட்டான்." "டீச்சர், எந்தப் பக்கம்?" பாடத்தில் புரியாததைக் கேட்டுக் கூப்பிட்டது மிகக் கொஞ்சமாகத்தான் இருக்கும். மற்றதற்கெல்லாம் அறையே பதில் சொல்லும்படி செய்யலாம். அப்படிச் செய்தால், உண்மையிலேயே புரியாமல் கூப்பிடுகிற பிள்ளையிடம் போய் உட்கார நமக்கு நேரம் கிடைக்கும்.

முதலில் எழுதுபொருள். எங்கள் பிள்ளைகளின் பையில் பென்சில் எப்போதும் இருக்கும் என்று நம்ப முடியாது. வீட்டில் தம்பி எடுத்துக் கடித்திருப்பான், வரும் வழியில் விழுந்திருக்கும். "பென்சில் எங்கே?" என்று கேட்டு ஒரு பிள்ளையை நிறுத்தி வைத்தால் அந்தப் பிள்ளைக்கும் பாடம் போச்சு, எனக்கும் நேரம் போச்சு. அதனால் பென்சில், பல்பம், ரப்பர் எல்லாம் வகுப்பிலேயே இருக்கும். நீல மூடி போட்ட டப்பாவில் சீவிய பென்சில், சிவப்பு மூடி டப்பாவில் மொட்டைப் பென்சில். முனை உடைந்தால் சிவப்பில் போட்டுவிட்டு நீலத்திலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான், யாரையும் கேட்க வேண்டாம். மாலையில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இருவர் மொட்டையையெல்லாம் சீவி நீல டப்பாவுக்கு மாற்றிவிடுவார்கள். வகுப்பு நேரத்தில் ஷார்ப்னர் வெளியே வராது. ஒரு ஷார்ப்னரைச் சுற்றி எவ்வளவு பெரிய கூட்டம் கூடும் என்று தொடக்கப் பள்ளியில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

"காணாமப் போகாதா அக்கா?" என்று கேட்பார்கள். போகும். டப்பாவின் மேல் காலையில் இருந்த எண்ணிக்கையை ஒட்டி வைத்திருப்போம். மாலையில் எண்ணிப் பார்ப்பது இரண்டாம் வகுப்பின் வேலை. காலையில் எத்தனை, இப்போது எத்தனை, எத்தனை குறைகிறது என்று அவர்களே கண்டுபிடித்துச் சொல்வார்கள். கழித்தல் கணக்கை இதைவிட அக்கறையோடு அவர்கள் போட்டு நான் பார்த்ததில்லை. குறைந்தது பெரும்பாலும் பாய்க்கு அடியிலேயே கிடைத்துவிடும். யார் எடுத்தது என்ற விசாரணையை நான் வைத்துக்கொள்வதே இல்லை. ஆறு வயதுப் பிள்ளை பென்சிலைப் பைக்குள் போட்டுக்கொண்டதைத் திருட்டு என்று பேசக்கூடாது.

அடுத்தது "முடிச்சிட்டேன்." பல வகுப்புகள் ஒன்றாக இருக்கும் அறையில் ஆசிரியரின் கவனம் முழுக்கப் போகவேண்டிய இடம் இதுதான் என்பேன். பாடத்தைத் திட்டமிடுகிறோம், பாட்டைத் திட்டமிடுகிறோம். வேகமாக முடித்துவிடும் பிள்ளை அதற்கப்புறம் என்ன செய்யும் என்பதைத் திட்டமிடுவது குறைவு. எங்கள் அறையில் வழக்கம் இப்படி: முடித்த நோட்டை அந்தப் பக்கம் திறந்தபடியே தன் வகுப்பின் தட்டில் வைக்க வேண்டும். நோட்டைத் தேடிப் பிரித்துப் பக்கம் புரட்டும் நேரம் எனக்கு இதில் மிச்சம். அப்புறம் ஜன்னலுக்குக் கீழே இருக்கும் மர ஷெல்ஃபுக்குப் போக வேண்டும். அங்கே வகுப்புக்கு ஒரு வரிசையாக "அடுத்த வேலை" கூடைகள் இருக்கும். ஒன்றாம் வகுப்புக் கூடையில் எழுத்து இருக்காது, படம்தான். தனக்குப் பிடித்த ஒன்றை எடுத்துக்கொண்டு தன் இடத்துக்குத் திரும்பிவிட வேண்டும்.

கூடையில் என்ன வைப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. புதிதாக எதையும் வைக்கக்கூடாது. பிள்ளைக்கு ஏற்கெனவே செய்யத் தெரிந்த வேலையாக, யாரிடமும் கேட்காமல் முடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். புதிய விளையாட்டு அட்டையை வைத்தால், "டீச்சர், இது எப்படி?" என்று மறுபடியும் நம்மிடமே வந்து நிற்பார்கள். எங்கள் கூடையில் இருப்பவற்றில் சிலவற்றைச் சொல்கிறேன்: வெளியே எண் எழுதிய தீப்பெட்டிகள், அவற்றில் அத்தனை புளியங்கொட்டை போட வேண்டும். சோப்பு, பிஸ்கட், தேயிலைத் தூள் உறைகளை வெட்டி ஒட்டிய அட்டைகள், தெரிந்த எழுத்துகளை வட்டமிட வேண்டும். பிள்ளைகள் அதிகம் விரும்புவது பேருந்துப் பலகை அட்டைகள். கடலூர் பேருந்து நிலையத்தில் பார்க்கும் பெயர்கள்தான்: பண்ருட்டி, நெல்லிக்குப்பம், விருத்தாசலம், சிதம்பரம், குறிஞ்சிப்பாடி, புதுச்சேரி. ண், ட், ல், ச் எல்லாம் புள்ளியோடு வருகிற பெயர்கள். பாடநூலில் "விருத்தாசலம்" என்று நான்கு முறை திக்குகிற பிள்ளை, அட்டையில் அதைப் பார்த்ததும் நடத்துனர் கூப்பிடும் ராகத்திலேயே படித்துவிடும். தான் பாட்டி வீட்டுக்குப் போகிற ஊர் ஆயிற்றே.

இங்கே ஒரு எச்சரிக்கை. அடுத்த வேலை பரிசு மாதிரி ஆகிவிடக்கூடாது. ஆகிவிட்டால் எல்லோரும் கிறுக்கித் தள்ளிவிட்டு ஷெல்ஃபுக்கு ஓடுவார்கள். மெதுவாக எழுதுகிற பிள்ளைக்கு அந்தக் கூடை எட்டவே எட்டாது. அந்தப் பிள்ளைகளுக்குத்தான் அந்தப் புளியங்கொட்டையும் அட்டையும் அதிகம் தேவை. அதற்காகவே வாரத்தில் ஒரு மதிய வேளையை எல்லோருக்கும் கூடை வேளையாக விட்டுவிடுகிறேன். அன்று எழுத்து வேலை கிடையாது.

கழிப்பறைக்குக் கதவோரம் இரண்டு மரக்கட்டைகள் ஆணியில் தொங்கும், ஆண் பிள்ளைகளுக்கு ஒன்று, பெண் பிள்ளைகளுக்கு ஒன்று. கட்டை இருந்தால் எடுத்துக்கொண்டு போகலாம். இல்லையென்றால் ஆள் வெளியே இருக்கிறார் என்று அர்த்தம், வந்ததும் போகலாம். அவசரம் என்றால் கட்டையைப் பார்க்க வேண்டாம் என்றும் சொல்லி வைத்திருக்கிறேன். பிள்ளை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒழுங்கு எனக்கு வேண்டாம்.

இனி சுவர். 2007-08இல், பிள்ளைகள் அட்டைகளை வைத்துத் தாங்களே செய்து கற்கும் செயல்வழிக் கற்றல் தமிழ்நாடு முழுக்க வந்தபோது, கற்றல் அட்டைகள், அவற்றின் வரிசையைக் காட்டும் ஏணிப்படி, பிள்ளைகள் செய்ததைத் தொங்கவிடும் கம்பிப் பந்தல் இவற்றோடு கீழ்மட்டக் கரும்பலகையும் வந்தது. தரையிலிருந்து பிள்ளையின் கை எட்டும் உயரத்தில் அறையைச் சுற்றிக் கறுப்புப் பட்டையாக அடித்து, ஆளுக்கு ஒரு கட்டம் பிரித்துக் கொடுத்தார்கள். அட்டைகள் போய்விட்டன. 2022இல் முதல் மூன்று வகுப்புகளுக்கு, அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் உறுதிப்படுத்தும் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்து, அடுத்த ஆண்டே நான்கு, ஐந்துக்கும் விரிந்தது. பயிற்சி நூலும் கையேடும் மாறிவிட்டன. ஆனால் அந்தக் கரும்பலகை இன்னும் பல பள்ளிகளில் சுவரில் இருக்கிறது. தயவுசெய்து அதன் மேல் ஃபிளெக்ஸ் ஒட்டிவிடாதீர்கள். பல வகுப்பு ஆசிரியருக்கு அதைவிடப் பயனுள்ள சாதனம் வேறு எதுவும் எனக்குத் தெரியாது. நோட்டில் எழுதினால் பக்கத்தில் போய்க் குனிந்து பார்க்க வேண்டும். சுவரில் எழுதினால், மூன்றாம் வகுப்போடு உட்கார்ந்தபடியே தலையைத் திருப்பி, ஒன்றாம் வகுப்பில் யார் 'ழ'வைத் தலைகீழாகப் போடுகிறார்கள் என்று பார்த்துவிடலாம். பிள்ளைகளும் நின்றுகொண்டு, கையை வீசிப் பெரிதாக எழுதுகிறார்கள். அந்த வயதில் அந்த உடம்புக்கு அது வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு மே மாதமும் ஒரு டப்பா கரும்பலகைப் பெயிண்ட் வாங்கி அடித்தால் போதும். கட்டத்தின் மேல் பெயரோடு, கோழி, நண்டு, பலாப்பழம் என்று அந்தப் பிள்ளையே தேர்ந்தெடுத்த படமும் இருக்கும்.

விளக்கப் படங்களை நான் குறைத்துக்கொண்டே வருகிறேன். சுவர் முழுக்கப் படம் இருந்தால் எதையும் யாரும் பார்ப்பதில்லை. இன்னொன்று, நாம் நின்றுகொண்டு ஆணி அடிக்கிறோம், படிக்க வேண்டியவர் தரையில் உட்கார்ந்திருக்கிறார். பாயில் பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்து சுவரைப் பார்த்தால், எதைக் கீழே இறக்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

உட்காரும் முறையைப் பற்றி 2025 ஜூலையில் தமிழ்நாட்டில் பெரிய விவாதமே நடந்தது. வகுப்பறைகளில் 'ப' வடிவில் இருக்கை போடுவது பற்றிப் பேச்சு எழுந்ததும், கடைசி வரிசை என்ற ஒன்றே இருக்காது என்று மகிழ்ந்தவர்களும் உண்டு, பக்கவாட்டில் உட்கார்பவர்களுக்குக் கழுத்து வலிக்குமே என்று கேட்டவர்களும் உண்டு. தரையில் பாய் விரித்து உட்காரும் எங்களுக்கு வடிவத்தை மாற்றுவது ஒரு நிமிட வேலை. அதனால் எனக்கு ஒரே வடிவம் என்று கிடையாது. கதை சொல்லும்போதும் பாட்டின்போதும் மூன்று வகுப்பும் சேர்ந்து 'ப'வாக உட்காருவோம். எழுதும்போது மூன்று வட்டம். முக்கியமாக நான் பார்ப்பது, நான் எந்த வட்டத்தில் உட்கார்ந்தாலும் மற்ற இரண்டு வட்டமும் என் கண்ணில் பட வேண்டும் என்பதை. அதனால் வட்டத்தின் நடுவில் உட்கார மாட்டேன், சுவருக்கு முதுகைக் கொடுத்து ஓரத்தில் உட்காருவேன். எந்தப் பிள்ளையும் எழுந்து ஷெல்ஃபுக்குப் போக இன்னொருவரைத் தாண்ட வேண்டியிராதபடி வழி விட்டிருக்க வேண்டும். சண்டையில் பாதி இந்தத் தாண்டலில்தான் தொடங்குகிறது.

எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலை வாரியாகக் குழு பிரிப்பது கற்பிக்க உதவுகிறது, அதில் சந்தேகம் இல்லை. மூன்றாம் வகுப்பில் இன்னும் எழுத்துக்கூட்டுகிற பிள்ளைக்கு ஒன்றாம் வகுப்புச் செயல்பாடு தேவைப்படுகிறது, அதைக் கூச்சமில்லாமல் கொடுக்க இந்த அமைப்பு வழி செய்கிறது. ஆனால் நாள் முழுக்க அதே குழுவில் உட்கார வைக்கக்கூடாது. "நான் அரும்புதானே டீச்சர்" என்று ஒரு பெண் பிள்ளை தயங்கி நின்றது இன்னும் என் காதில் இருக்கிறது. தமிழும் கணக்கும் நடக்கும்போது நிலை வாரியாக உட்காருவோம். மற்ற நேரமெல்லாம் கலந்துதான். அந்தப் பெண் கூட்டிப் பெருக்குவதில் அல்ல, மணி அடிப்பதில், வருகைப் பலகையைப் பார்த்துக்கொள்வதில் பொறுப்பு எடுத்துக்கொள்ளும்படி பார்த்துக்கொண்டேன். மெதுவாகப் படிக்கிறவர்களுக்குப் பெருக்கும் வேலை, நன்றாகப் படிக்கிறவர்களுக்கு லீடர் வேலை என்று நம்மையறியாமல் பிரிந்துவிடுவதை எத்தனையோ இடங்களில் பார்க்கிறேன். வேலைகளை வாரா வாரம் சுழற்றினால் அது நடக்காது. பெருக்குவதிலும் ஆண், பெண் வித்தியாசம் கிடையாது.

இத்தனையும் தானாக நடக்காது. ஜூன் மாதத்தின் முதல் இரண்டு வாரத்தை நான் இதற்கே ஒதுக்கிவிடுகிறேன். பாயைச் சுருட்டுவது எப்படி, நோட்டைத் தட்டில் எந்தப் பக்கம் வைப்பது, ஷெல்ஃபிலிருந்து எடுத்ததை எங்கே திரும்ப வைப்பது, எல்லாவற்றையும் பாடம் மாதிரியே செய்து காட்டி, செய்ய வைத்து, மறுபடி செய்ய வைப்பேன். ஒன்றாம் வகுப்புக்கு வந்த பிள்ளைக்குச் செருப்பை ஜோடியாக விடுவதும் ஒரு கற்றல்தான். "பாடம் ஆரம்பிக்கலையா டீச்சரம்மா?" என்று பெற்றோர் கேட்பார்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அவர்களையும் பாயில் உட்கார வைத்து, பிள்ளைகளை விட்டே செய்து காட்டச் சொன்னால் அதற்கப்புறம் கேட்க மாட்டார்கள். அந்த இரண்டு வாரத்தை மிச்சம் பிடிக்க நினைத்தால் மார்ச் வரைக்கும் அதற்கான வட்டியைக் கட்ட வேண்டியிருக்கும்.

கவனத்தைத் திருப்பக் கத்த வேண்டாம், மேசையைத் தட்டவும் வேண்டாம். நான் ஒரு வரியைத் தாளத்தோடு சொன்னால் பிள்ளைகள் அடுத்த வரியைச் சொல்லிக் கையைக் கட்டிக்கொள்வார்கள். எந்தப் பாட்டும் சரிதான். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும், பழகிப்போன பாட்டு காதில் ஏறாது. அதற்கப்புறம் நாம் தாழ்ந்த குரலில் பேச வேண்டும். பிள்ளைகளின் சத்தத்துக்கு மேலே போக முயன்றால் அவர்கள் அதற்கும் மேலே போவார்கள்.

அடிப்பதைப் பற்றி நான் அதிகம் எழுதத் தேவையில்லை. உடலை வருத்தும் தண்டனையும் மனதைப் புண்படுத்துவதும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் தடை செய்யப்பட்டவை. சட்டம் இல்லாவிட்டாலும் அது வேலை செய்யாது. இரண்டாம் வகுப்பில் ஒரு பையன், பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் அடித்துவிடுவான். எப்போது அடிக்கிறான் என்று சில நாள் குறித்துப் பார்த்தேன். எழுதும்போது அடிப்பதே இல்லை. ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் நேரத்தில், எல்லோரும் எழுந்து நெருக்கும்போது மட்டும்தான். நெருக்கம் அவனுக்குத் தாங்கவில்லை. அதனால் மாறும் நேரத்தில் அவனுக்குத் தனி வேலை கொடுத்தேன்: மற்றவர்கள் எழுவதற்கு முன்பே எழுந்து போய் ஜன்னல் கதவுகளைத் திறந்துவிட்டு வர வேண்டும். அவன் திரும்பி வரும்போது எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள். அடிப்பது அடியோடு நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். குறைந்தது, அவனுக்கு ஒரு நண்பனும் கிடைத்தான். ஒரு பிள்ளை முரண்டு பிடித்தால், எந்த நேரத்தில், எந்த இடத்தில் என்று பாருங்கள். குணம் என்று நினைத்தது பல நேரம் இடத்தைச் சரிசெய்ததும் மாறுகிறது.

காலை நேரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தபின் எங்கள் முதல் பாடவேளையே வேறாகிவிட்டது. முன்பெல்லாம் பத்தரை மணிக்கே சுருண்டு படுக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். இப்போது வயிறு நிறைந்து உட்காருகிறார்கள், எரிச்சல் குறைவு, அழுகை குறைவு. வகுப்பு மேலாண்மை என்று எத்தனையோ பயிற்சி கொடுக்கலாம். பசித்த பிள்ளையிடம் எதுவும் நடக்காது. சாப்பிட்டுத் தட்டைக் கழுவிவிட்டு வருகிற பிள்ளை, கதவோரம் இருக்கும் பலகையில் தன் பெயர் அட்டையை "வீடு" பக்கத்திலிருந்து "பள்ளி" பக்கம் மாற்றி மாட்டும். இரண்டு வேலை இதில் முடிகிறது. நான் பெயர் கூப்பிட்டு நேரம் செலவழிக்காமல், பலகையை ஒரு பார்வை பார்த்து வருகைப் பதிவேட்டிலும் செல்போன் செயலியிலும் போட்டுவிடலாம். "வீடு" பக்கத்தில் இருக்கும் அட்டையைப் பார்த்து, "அவ இன்னிக்கு வரல டீச்சர், அவங்க ஆயாவுக்கு உடம்பு சரியில்ல" என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

வகுப்பை ஒழுங்குபடுத்த ஊரின் நாட்காட்டியும் தெரிந்திருக்க வேண்டும். முன்பு நான் வேலை பார்த்தது கடலோரத்தில். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அது முடிந்து படகுகள் கிளம்பும் நாட்களில் வீடே விடியும் முன் எழுந்துவிடும், பிள்ளைகள் பத்து மணிக்குத் தூங்கி விழுவார்கள். மாசி மகத்துக்கு மறுநாளும் அப்படித்தான். இந்தப் பக்கம் தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழாவுக்குத் தென்பெண்ணைக் கரைக்குப் போய் வந்தால், மறுநாள் வகுப்பு முழுக்க அந்தப் பேச்சுதான். அன்று புதுப் பாடம் தொடங்குவதை விட, அதையே பேச வைத்து, சுவரில் வரைய வைப்பது நல்லது. முந்திரிக் காலத்தில் கொட்டை பொறுக்கிய விரல்களில் தோல் உரிந்திருக்கும். கொட்டையின் ஓட்டில் இருக்கும் எண்ணெய் அப்படி. அந்தப் பிள்ளையைப் பென்சில் பிடித்து இரண்டு பக்கம் எழுதச் சொல்வது கொடுமை. அந்த வாரங்களில் வாய்மொழியும் வாசிப்பும் கூடுதலாக இருக்கும், எழுத்து குறைவாக இருக்கும்.

மழை தனிப் பாடம். கடலூர்க்காரர்களுக்கு நவம்பர், டிசம்பரைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் தென்பெண்ணை பெருகி எத்தனையோ ஊர்களில் வெள்ளம் புகுந்தது. ஆற்றோரப் பள்ளியில் இருக்கும் என் தோழிக்குப் பீரோவின் அடித்தட்டில் இருந்த பயிற்சி நூல்கள் முழுக்கச் சேறாகிவிட்டன. அதிலிருந்து அக்டோபர் வந்தாலே அடித்தட்டைக் காலி செய்துவிடுகிறேன். பதிவேடுகள் மேல் தட்டில், பிளாஸ்டிக் உறையில். அட்டைகள் மூடியோடு உள்ள டப்பாவில். புளியங்கொட்டையில் பூச்சி பிடிக்கும், வெயில் அடிக்கிற நாளில் காயவைத்து எடுக்க வேண்டும். ஈரப் பைகளும் குடையும் உள்ளே வராதபடி வராண்டாவில் ஒரு கயிறு கட்டி, பிளாஸ்டிக் கொக்கி மாட்டிவிட்டால், பாய் நனையாது. பாய் நனைந்தால் அன்றைய நாள் போச்சு. பிள்ளைகள் பாதிப் பேர்தான் வரும் மழை நாட்களுக்கென்று ஒரு தனிக் கூடையும் வைத்திருக்கிறேன். வந்தவர்களுக்குப் புதுப் பாடம் நடத்தினால் வராதவர்கள் பின்தங்குவார்கள், ஒன்றும் நடத்தாமல் விட்டால் அறை இரைச்சலாகும். அந்தக் கூடையில் கதைப் புத்தகங்களும், இரண்டிரண்டு பேராகச் செய்யும் வேலைகளும் இருக்கும்.

நோட்டுத் திருத்துவதைப் பற்றி ஒரே வார்த்தை: வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். மறுநாள் சிவப்பு மையோடு திரும்பும் நோட்டை ஏழு வயதுப் பிள்ளை பார்ப்பதில்லை. எழுதும்போதே பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே ஒரு விஷயத்தை மட்டும் சரிசெய்தால் அது மனதில் நிற்கிறது. எல்லோருக்கும் ஒரே நாளில் முடியாது. எந்தெந்தப் பிள்ளையிடம் உட்கார்ந்தேன் என்று ஒரு பெயர்ப் பட்டியலில் புள்ளி வைத்துக்கொண்டே வந்தால், வாரக் கடைசியில் புள்ளியே விழாத பெயர் கண்ணில் படும். அது பெரும்பாலும் சத்தமே போடாத, நோட்டைச் சுத்தமாக வைத்திருக்கிற ஒரு பிள்ளையாக இருக்கும். திங்கட்கிழமை முதல் வேலை அந்தப் பிள்ளையோடு.

இவ்வளவு செய்தும் எனக்கு இன்னும் சரியாக அமையாத ஒன்று இருக்கிறது. ஒன்றாம் வகுப்பு பாடியும் ஆடியும்தான் எழுத்தைக் கற்க வேண்டும். அதே நேரத்தில் மூன்றாம் வகுப்பு மனதுக்குள் வாசித்துப் பழக வேண்டும். இரண்டும் ஒரே அறையில் மோதிக்கொள்கின்றன. செப்டம்பர் வரை மூன்றாம் வகுப்பை வேப்ப மரத்தடிக்கு அனுப்பிவிடலாம், என் கண் பார்வையிலேயே இருப்பார்கள். மழைக்காலத்தில் அது முடியாது. பாட்டு வேளையையும் வாசிப்பு வேளையையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கிறேன், ஒன்றுக்கு நேரம் கொடுத்தால் இன்னொன்று சுருங்குகிறது. ஒரே அறைக்குள்ளேயே இதற்கு வழி கண்டுபிடித்த ஆசிரியர்கள் கடலூர்ப் பக்கமோ புதுச்சேரிப் பக்கமோ இருந்தால், ஒரு சனிக்கிழமை அவர்கள் பள்ளிக்கே வந்து பார்த்துக் கற்றுக்கொள்ளத் தயாராக இருக்கிறேன்.